எவர்சில்வரில் படிந்த ஆள்

அபுதாபி முசஃபாவில் நான் வேலை பார்த்த பட்டறையில் கோடைக்கால மத்தியானம் என்பது பாதி மயக்கம். சாப்பாட்டுச் சைரன் ஊதினதும் இரும்பு தேய்க்கும் கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கும். அடங்கின பிறகும் காதுக்குள் மட்டும் அந்த ரீங்காரம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து கட்டிக் கொண்டுவந்த சாம்பார் அதற்குள் லேசாகப் புளிக்க ஆரம்பித்திருக்கும். அதைச் சோற்றில் ஊற்றி, வாடையைப் பற்றி யாரும் பேசாமல் தின்றுவிட்டு, ஆளாளுக்கு நிழல் தேடிப் போவார்கள். வெளியே மணலும் வானமும் ஒரே வெள்ளையாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடக்கும். அட்டையை விரித்துப் படுப்பவன் உண்டு, லாரிக்கடியில் படுப்பவன் உண்டு. விவரம் தெரிந்தவன் வெசலுக்குள் போய்ப் படுப்பான்.

வெசல் என்று நாங்கள் சொன்னது எரிவாயு ஆலைகளுக்காகச் செய்யும் பெரிய இரும்பு உருளையை. உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிசு. வெளிச்சுவர் கனத்த கறுப்பு இரும்பு. உள்ளே வரப்போகிற வாயு அந்த இரும்பை அரித்துத் தின்றுவிடும் என்பதால், உள்பக்கம் முழுக்க மெல்லிசாக எவர்சில்வர் ஒட்டியிருக்கும், கோட்டுக்கு லைனிங் வைத்துத் தைக்கிற மாதிரி. அதற்கு க்ளாடிங் என்று பெயர். குழாய்கள் சேர வேண்டிய இடங்களில் சுவரில் வட்ட வட்டமாக ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகள் வழியாக மத்தியான வெளிச்சம் உள்ளே விழுந்து, எவர்சில்வரில் பட்டுத் தெறித்து, உருளை முழுக்கத் தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம் அலையும். ஒரு ஓரத்தில் காற்றடிக்கிற புளோயர் ஓடும். முதுகுக்குக் கீழே எவர்சில்வர் சில்லென்று இருக்கும். அங்கே ஒருவன் இருமினால், இருமல் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி அவனிடமே வரும்.

அங்கே படுப்பது சட்டப்படி பெரிய குற்றம். சேஃப்டி ஆபீசர் பார்த்தால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். ஆனால் சேஃப்டி ஆபீசர் அந்த நேரத்தில் ஏசி போட்ட கேபினில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் கீழக்கரைப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் பிறந்தவன் கப்பல் ஏறினால் போய்க் கடை வைப்பான், அதுதான் வழக்கம். நான் டிப்ளமா படித்துத் தொலைத்ததால் இரும்புக்குள் தலையை விட்டுக்கொண்டு திரிந்தேன். வாப்பா கடைசிவரை என் வேலை என்னவென்று புரியாமல், கேட்டவர்களிடமெல்லாம் "தகர டப்பா கம்பெனியில இருக்கான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் வேலை, ஒரு வெசல் உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. கேட்டால் சப்பென்று இருக்கும். அது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத்தான் தெரியும்.

வெல்டிங் முடிந்த இரும்பு உள்ளுக்குள் விறைத்துக்கொண்டு நிற்கும். நெருப்பு பட்ட இடமும் படாத இடமும் ஒன்றையொன்று இழுக்கும். அப்படியே விட்டால் என்றைக்காவது ஒரு நாள் வெடிக்கும். அதனால் முழு வெசலையும் வீடு மாதிரி இருக்கிற ஃபர்னஸுக்குள் தள்ளி, மெல்ல மெல்லச் சூடேற்றி, இரும்பு இருட்டில் லேசாகச் சிவக்கிற சூட்டில் நிறுத்திவைத்து, பிறகு அதைவிட மெதுவாக ஆறவிடுவார்கள். ஹீட் ட்ரீட்மென்ட். அவசரப்பட்டால் எவர்சில்வரும் இரும்பும் ஒட்டின இடம் விட்டுக்கொள்ளும். இதில் இன்னொரு சனியன், எவர்சில்வர்மேல் எது ஒட்டியிருந்தாலும் அந்தச் சூட்டில் அப்படியே சுட்டுப் பதிந்துவிடும். சாக்பீஸ், மார்க்கர் மை, தலையில் தடவின எண்ணெய், எல்லாவற்றையும்விட மோசம் வேர்வை. வேர்வையில் உப்பு இருக்கிறது. எவர்சில்வருக்கு உப்பும் சூடும் சேர்ந்தால் ஆகவே ஆகாது, வெடிப்பு விடும்.

ஆகவே ஃபர்னஸுக்கு அனுப்பும் முன் உப்பு நீக்கின தண்ணீரால் உள்ளே கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, நான் பார்த்து, மேன்ஹோலுக்கு பிளாஸ்டிக் ஒட்டி மூடிவிடுவோம். மேன்ஹோல் என்பது ஆள் நுழைகிற வாய். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் ஒருத்தன் உள்ளே விரல் வைத்தால் எனக்குப் பேய் பிடிக்கும். "தொட்டுப் பாரு, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்று கத்துவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பட்டறையில் என் பட்டப்பெயரும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது, அதை இங்கே எழுத முடியாது.

நான் கத்தாமலே ஒழுங்காக இருந்த ஒரே ஆள் எங்கள் வெல்டர் அண்ணன். புதுக்கோட்டைப் பக்கம். அவரும் அவருடைய தம்பியும் ஒரே பட்டறை, கேம்ப்பில் ஒரே ரூம். இரட்டை அடுக்குக் கட்டிலில் கீழே அண்ணன், மேலே தம்பி. தம்பி கிரைண்டர் வேலை. கல்யாணம் ஆகி மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். இருவரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. பின்னாலிருந்து பார்த்தால் நானே மாற்றிக் கூப்பிட்டிருக்கிறேன்.

மத்தியானம் வெசலுக்குள் தூங்குவதில் அண்ணன்தான் ராஜா. மல்லாந்து படுத்து, ஈரத்துண்டை முகத்தில் போட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டால் அடுத்த மூச்சில் குறட்டை. சில நாள் நானும் பக்கத்தில் போய்ப் படுத்திருக்கிறேன். "இங்க படுத்தா தூக்கம் தானா வந்து மேல ஏறும் பாய், ஊர்ல கூட இப்படி ஒரு தூக்கம் தூங்குனதில்ல" என்பார். வெளிச்சம் மேலே அலைந்துகொண்டிருக்கும். நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகும். உண்மையைச் சொன்னால் நான் வளைகுடாவில் இருந்த வருஷங்களில் நிம்மதியாக இருந்தது அந்த மத்தியானங்களில்தான்.

ஆனால் அதெல்லாம் கழுவுவதற்கு முன்னால். கழுவி முடித்த வெசல் பக்கம் அண்ணன் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். "கழுவியாச்சுன்னா அது சாமி ரூம் பாய். வேர்த்த ஒடம்போட போவாகளா?" என்பார். மற்றவர்களையும் விடமாட்டார். தன் வேலை சுத்தம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கோடையில் ஒரு வெசலைக் கழுவித் துடைத்து ஒட்டி வைத்திருந்தோம். ஃபர்னஸில் வேறொன்று வெந்துகொண்டிருந்ததால் இது வரிசையில் காத்துக் கிடந்தது. அந்த இடைவெளியில்தான் அண்ணன் போய்ச் சேர்ந்தார். காலையில் தம்பி மேல்கட்டிலிலிருந்து இறங்கி, டீ போட்டு, "அண்ணே, டீ ஆறுது" என்று கூப்பிட்டிருக்கிறான். பல் விளக்கிவிட்டு வந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறான். தொட்ட பிறகுதான் தெரிந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

தம்பியின் பாஸ்போர்ட் அப்போது விசா புதுப்பிக்க இமிக்ரேஷனில் கிடந்தது. சவப்பெட்டியோடு அவனால் போக முடியவில்லை. லீவில் போகவிருந்த அறந்தாங்கிக்காரர் ஒருவர் கூடப் போனார். ஏர்போர்ட்டுக்கு நாங்கள் வேனில் போய், பெட்டி எந்த வழியாக உள்ளே போனதென்றுகூடத் தெரியாமல் திரும்பி வந்தோம். வழி முழுக்கத் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான், அழவில்லை. அவன் அழாதது எனக்கு எரிச்சலாகவும் பயமாகவும் இருந்தது.

அதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் தானும் எழுந்திருக்கமாட்டோம் என்று ஒரு பயம். ரூம்காரர்கள் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள், நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள், மருந்துக்கடை மலையாளி ஏதோ மாத்திரை கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிவந்த கண்ணோடு டியூட்டிக்கு வருவான், நின்றபடியே ஆடுவான். கையை அறுத்துக்கொள்வான் என்று ஃபோர்மேன் கிரைண்டரைப் பிடுங்கிக்கொண்டு தரை கூட்ட விட்டார். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பான். பாவமாக இருக்கும், ஆனால் யாரால் என்ன செய்ய முடியும்?

பிறகு அந்த வெசல் ஃபர்னஸுக்குப் போய், வெந்து, ஆறி வெளியே வந்தது. மேன்ஹோலைத் திறந்து விளக்கோடு முதலில் உள்ளே போனவன் நான்தான். சூட்டில் எவர்சில்வர் நிறம் மாறும், அது சகஜம். அன்றைக்கு உள்ளே முழுக்கப் பொன் மஞ்சள், அதற்குள் ஊதா, விளிம்பில் மயில் நீலம். விளக்கை ஆட்டினால் நிறங்கள் இடம் மாறின. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டே அடிப்பக்கம் விளக்கைத் தாழ்த்தினேன்.

அங்கே ஒரு ஆள் படுத்திருந்தார்.

யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன். என் குரல் சுற்றி வந்து என்னையே அறைந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, ஆளின் தடம். பொன்னிறத் தரையில் கருநீலமாக, ஒருக்களித்துப் படுத்த ஒரு உடம்பு. முழங்கால் வயிற்றோடு மடங்கியிருந்தது. ஒரு கை கன்னத்துக்கடியில். இன்னொரு கை முன்னால் நீண்டு, உள்ளங்கை விரித்து, ஐந்து விரலும் எண்ணிக்கொள்ளலாம் போலத் தெளிவாக. கழுவின பிறகு எவனோ சட்டையைக் கழற்றிவிட்டு அங்கே படுத்திருக்கிறான். அவன் வேர்வை அப்படியே சுட்டுப் பதிந்திருக்கிறது.

முதலில் பயம், பிறகு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் கையெழுத்து, நான் ஒட்டின பிளாஸ்டிக், எந்த நாய் பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டியது? அந்தக் கோபம் அடங்குவதற்குள்ளேயே எனக்கு விளங்கியும் விட்டது. அண்ணன் மல்லாந்து தூங்குபவர். சுருண்டு படுப்பவன் யாரென்று அவர்கள் ரூமுக்கு டீ குடிக்கப் போய் வந்த எனக்குத் தெரியும்.

விஷயம் மறைக்கிற விஷயம் இல்லை. மேனேஜர் வந்தார், தலையை உள்ளே விட்டுப் பார்த்தார், வெளியே எடுத்துக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டார். பம்பாய்க்காரர், எதையும் சீக்கிரம் முடிக்கிற ஆள். "அந்த செத்துப்போன வெல்டர் இப்படித்தானே உள்ளே தூங்குவான்?" என்று ஹிந்தியில் ஃபோர்மேனைக் கேட்டார். ஃபோர்மேன் ஆமாம் என்றார். "அப்ப அவன்தான். கலாஸ், முடிஞ்சது." சுற்றி நின்ற முகங்களில் ஒரு நிம்மதி. செத்தவருக்கு விசா கேன்சல் பண்ண முடியாதே. உயிரோடு இருக்கிற யாருடைய வேலையும் போகாது. மறுநாள் காலை வெசலை வாங்குகிற கிளையண்ட்டின் இன்ஸ்பெக்டர் வருவார், அவரிடமும் இதையே சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது.

தம்பியைத் தண்ணீர் கூலர் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"நீதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"ஏன்டா அறிவு கெட்டவனே, படுக்க உனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

"அங்க படுத்தா தூக்கம் தானா வரும்னு அண்ணன் சொல்லும் பாய்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. அந்த ஒரு மத்தியானந்தான். அப்புறம் அடுப்புக்கு இழுத்துட்டுப் போயிட்டாக."

"சரி, கேட்டுக்க. வாயத் தொறக்காத. ஒனக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கா. நாளைக்கு அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் ஊமையா இரு."

"கழுவுன வெசல்ல அண்ணன் படுத்துச்சுன்னு எழுதுவாகளா பாய்?"

"எழுதட்டுமே, அவருக்கு இனிமே என்ன வரப்போகுது?"

"அது படுக்காது பாய். உங்களுக்குத் தெரியும்ல."

தெரியும்தான். ஆனால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இவன் இருக்கிறான். என் கணக்கு அவ்வளவுதான். அதை அவனுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "போடா, போய்க் கூட்டு" என்று விரட்டிவிட்டேன்.

கடைசியில் என்ன ஆனதென்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதிலேயே மனசு நிற்கும். அந்தத் தடத்தை அமிலப் பசை தடவிக் கழுவினோம். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தோம். வெடிப்பு இருந்தால் பொடியில் சிவப்புக் கோடு கிளம்பும். ஒன்றும் கிளம்பவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். வெசல் கத்தாரில் இருக்கிற ராஸ் லஃபானுக்குக் கப்பலேறியது. எந்தக் காகிதத்திலும் அண்ணன் பெயர் ஏறவில்லை. தம்பியை மேனேஜர் சும்மா விடவில்லை, அந்த மாதமே கேன்சல் போட்டு அனுப்பினார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். போகிற வழியில் வேனில் நன்றாகத் தூங்கினான்.

ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி.

இன்ஸ்பெக்டர் வயதான வெள்ளைக்காரர். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, அதிகம் பேசமாட்டார். காலுக்கு உறை மாட்டிக்கொண்டு அவரும் மேனேஜரும் நானும் உள்ளே போனோம். விளக்கைப் பிடித்துக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும் என்று ஃபோர்மேன் தம்பியைத்தான் அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அவன் மேன்ஹோலுக்குள் காலை விட்டுவிட்டான்.

மேனேஜர் இங்கிலீஷில் கதையைச் சொன்னார். ஒரு வெல்டர், விதிமுறையை மதிக்காதவன், தூங்கியிருக்கிறான், இப்போது உயிரோடு இல்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து அந்த நீல உள்ளங்கையை ரொம்ப நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாயி நஹி, சாப்," என்றான் தம்பி அரைகுறை ஹிந்தியில். "மே."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு "சுப்" என்று அதட்டினார். அது வெசலுக்குள் இரண்டு சுற்று சுற்றியது. இவன் என்ன சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தம்பியும் என்னைத்தான் பார்த்தான். செத்தவருக்காகத் தன் சோற்றை உதைக்கிறானே மடையன்! ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இறந்தவர் இவனுடைய அண்ணன். அவர் இல்லையாம், தான்தான் என்கிறான்" என்று சொன்னேன்.

"துக்கத்தில் உளறுகிறான் சார், தூங்கியே பல நாள் ஆகிறது" என்றார் மேனேஜர். இன்ஸ்பெக்டர் முகத்திலும் அதே இரக்கம். அண்ணனுடைய பழியைத் தம்பி தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறான் என்றுதான் அவரும் நினைத்தார். தோளில் லேசாகத் தட்டிக் கொடுத்தார்.

தம்பி விளக்கை என் கையில் கொடுத்தான். சட்டையைக் கழற்றினான். தடத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, தலையைத் தலை இருந்த இடத்தில் வைத்து, ஒருக்களித்துப் படுத்தான். முழங்காலை மடக்கினான், அது பொருந்தியது. ஒரு கையைக் கன்னத்துக்கடியில் கொடுத்தான். இன்னொரு கையை நீட்டி, உள்ளங்கையைக் கருநீல உள்ளங்கைமேல் வைத்தான். ஒரு விரல்கூட வெளியே தெரியவில்லை. கீழே இருந்த ஆள் மொத்தமாக அவனுக்குள் மறைந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, போதும், பார்த்துவிட்டேன், எழுந்திருக்கச் சொல் என்றார் இன்ஸ்பெக்டர்.

"தம்பி, எந்திரி," என்றேன். அசையவில்லை. "டேய், எந்திரிடா." குனிந்து விளக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டான்.

மேனேஜர் அவனை உலுக்கக் கை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, உதட்டில் விரல் வைத்தார். இரும்பு அதிராமல் ஒவ்வொருவராகப் பூனை மாதிரி வெளியே வந்தோம். பட்டறை முழுக்க விஷயம் பரவி, யாரும் சொல்லாமலே கிரைண்டர்கள் நின்றன. இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து மேன்ஹோல் வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. இவன் அண்ணனும் இப்படித்தானே தூங்கி, எழுந்திருக்காமலே போனார். வெசலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், குழாய்க்காக விட்ட ஒரு ஓட்டையில் காதை வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, என் நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும்தான் கேட்டது. பிறகு வந்தது, அவன் மூச்சு. அந்த எவர்சில்வர் முழுக்க ஒரு சுற்று சுற்றி மெதுவாக என் காதுக்கு வந்தது. அது போய் அடுத்தது வருகிறவரை நான் மூச்சு விடவில்லை. அடுத்ததும் வந்தது. அவனாக எழுந்து வருகிறவரை நான் அங்கிருந்து காதை எடுக்கவே இல்லை.